அட்டவணையார் அருளிய பர்கர்

உலகம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. முன்பெல்லாம் ஊரை ஏமாற்ற மண்டையோடும் சாம்பலும் வேண்டியிருந்தது. இப்போது ஒரு மடிக்கணினி போதும். சாம்பல் சட்டையில் ஒட்டுமே என்ற கவலைகூடக் கிடையாது.

அந்தத் துரித உணவுக் கடையின் மாடியில் சனிக்கிழமை வந்தால் நிற்க இடம் இருக்காது. கை கழுவும் இடத்தில் தொடங்கிய வரிசை படிக்கட்டில் இறங்கிக் கார் நிறுத்தும் இடம்வரை போகும். வருகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். கைரேகை பார்ப்பவனைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்பவர்கள். பாலம் கட்டும் பொறியாளர் நின்றார், பல் டாக்டரம்மா நின்றார், உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர் தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒளிந்து நின்றார். ஒவ்வொருவர் கையிலும் மூடிய அட்டை டப்பா. டப்பாவுக்குள் பர்கர், வறுவல், கூடவே கோலா. முகத்தில் பக்தி வழிந்தது.

மூலை மேசையில் அமர்ந்திருந்தவர்தான் அட்டவணையார். வெள்ளைக் கோட்டு, பையில் நாலு பேனா, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பென்டிரைவ். நீங்கள் டாக்டரா என்று கேட்டால் புன்னகைப்பார். ஆமாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. விவரமான ஆள்.

"சாப்பாட்டுல தப்பே இல்லைங்க. அதோட நம்பர்லதான் தப்பு. நம்பரைச் சரி பண்ணிட்டா உடம்பு தானா ஒத்துக்கும்" என்பார்.

சரி பண்ணும் முறை எளிமையானது. உங்கள் பிறந்த தேதி, கைபேசி எண், உணவின் பெயர் மூன்றையும் எக்ஸெல் அட்டவணையில் தட்டுவார். கலோரி, கொழுப்பு, புரதம் என்று வரிசையாக எண்கள் நடுங்கும். சிவப்பாக இருந்த கட்டங்கள் பச்சையாகும். சர்க்கரைக் கட்டத்தில் 0.00 என்று விழும். பிறகு பென்டிரைவால் டப்பாவை மூன்று தட்டு. அவ்வளவுதான், பர்கர் பத்திய உணவாகிவிடும். காணிக்கையை, வாசலில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பிவிடலாம். ஆசாமி காசைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு சுத்தம்.

இந்தக் கூட்டத்தில் வாராவாரம் முதல் ஆளாக நின்றவர் ஒரு கணக்கர். கிடங்கு ஒன்றில் இருப்புக் கணக்கு பார்ப்பவர். அவருக்குச் சர்க்கரை வியாதி. அட்டவணையார் வந்த பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்தியதில் அவருக்குப் பெருமை வேறு.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. ஒரு நாளைக்கு அந்தச் சொல்லை எத்தனை முறை கத்துவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டிலும் கத்திப் பார்த்தார். இந்த வண்டி நிற்கவில்லை.

"ரெண்டு தசமம் வரைக்கும் காட்டுதும்மா!" என்றார் கணக்கர். "பொய் சொல்றவன் எவனாவது ரெண்டு தசமம் வரைக்கும் சொல்வானா?"

"ஸ்பீடோமீட்டர்ல பூஜ்யம்னு காட்டுனா வண்டி நிக்குதுன்னு அர்த்தமாங்க? முள்ளு உடைஞ்சிருக்கலாம்ல?"

"உனக்கு எக்ஸெல் தெரியாது."

அத்தோடு பேச்சு முடிந்தது. எக்ஸெல் தெரியாதவர்கள் எதைப் பற்றித்தான் பேச முடியும்?

ஒரு மாலை, கணக்கர் வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார். கதவைத் திறந்த அக்கா அவர் காலைப் பார்த்தார்.

"ஏங்க, இன்னொரு செருப்பு எங்க?"

"எந்தச் செருப்பு?"

"வலது கால் செருப்புங்க."

கணக்கர் குனிந்து பார்த்தார். "அட, காணோமே" என்றார், வேறு யாருடைய காலையோ பார்த்ததுபோல.

பெருவிரலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. தரையெல்லாம் ரத்தம். செருப்பு கழன்றதும் தெரியவில்லை, சில்லு குத்தியதும் தெரியவில்லை, அவர் பாட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். அக்கா சில்லைப் பிடுங்கினார். கணக்கர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சர்க்கரையில் கால் மரத்துப்போயிருக்கிறது. இப்படியே விட்டால் இந்த மனிதர் காலையே இழந்துவிடுவார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"எதுக்கு? சனிக்கிழமை அட்டவணையார்கிட்ட சொல்லிக் காலுக்கும் ஒரு கட்டம் போட்டுடலாம்."

அக்கா அன்று கத்தவில்லை. "சரி, நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார். கணக்கருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவநம்பிக்கைக்காரி திருந்திவிட்டாளாம்.

சனிக்கிழமை. அக்கா கையில் மூடிய டப்பாவோடு வரிசையில் நின்றார், பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு கணக்கர். அவர்கள் முறை வந்தது.

"என்ன உணவு?" என்றார் அட்டவணையார்.

"நீங்களே திறந்து பாத்துச் சொல்லுங்களேன்" என்றார் அக்கா.

"திறந்தா டேட்டா கசிஞ்சிடும்மா. பேரு போதும்."

கணக்கர் முந்திக்கொண்டார். "எப்பவும் வாங்கறதுதாங்க. ரெண்டடுக்குச் சிக்கன் பர்கர்."

விரல்கள் தட்டின. எண்கள் நடுங்கின. கட்டங்கள் பச்சையாயின. அட்டவணையார் கண்ணை மூடித் திறந்து அறிவித்தார்: "கலோரி 286.43. புரதம் 18.25. சர்க்கரை 0.00. அற்புதமான உணவு!" பென்டிரைவ் மூன்று முறை டப்பாவைத் தட்டியது.

"இவர் கால் புண்ணுக்கும் நல்லதுங்களா?"

"மருந்தே தேவையில்லை. இங்கேயே என் கண்ணு முன்னாடி சாப்பிடட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் பார்த்தார்கள். கணக்கர் பயபக்தியோடு டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு செருப்பு. இடது கால்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

அட்டவணையார் அசரவில்லை. "பாத்தீங்களா! நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டா இப்படித்தான். பர்கர் செருப்பா மாறிடுச்சு!"

கூட்டத்தில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் பொறியாளர். அவர் கட்டிய பாலத்தில் யாரும் போகாமல் இருப்பது நல்லது.

"மாறலைங்க" என்றார் கணக்கர் மெல்ல. "இது என்னோடது. வார் அறுந்து நான்தான் தைச்சேன். பாருங்க, நீல நூலு."

செருப்பைப் பார்த்தார். திரையில் பச்சையாக மின்னிய புரதத்தைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஓடியது. திடீரென்று மேசைமேல் எட்டி எஃப் ஒன்பது பொத்தானை அழுத்தினார். எல்லாக் கணக்கையும் மறுபடி போடு என்று எக்ஸெலுக்குச் சொல்லும் பொத்தான் அது.

"தொடாதீங்க!" என்று அலறினார் அட்டவணையார்.

கலோரி 286-லிருந்து 512 ஆனது. புரதம் 31.70 ஆனது. கணக்கர் இன்னொரு முறை அழுத்தினார். கலோரி 144. மறுபடி அழுத்தினார். 390. செருப்பு அசையாமல் அப்படியே இருந்தது.

"குலுக்கிப் போடுறாரு" என்றார் கணக்கர். "வாய்க்கு வந்த நம்பரை எடுத்துப் போடுன்னு ஒரு சூத்திரம். சர்க்கரையில வெறும் பூஜ்யத்தைத் தட்டி வச்சிருக்காரு. ஆபீஸ்ல தினமும் இந்தப் பொத்தானை அழுத்தறேன். இங்க ஒரு தடவை அழுத்திப் பாக்கணும்னு தோணலையே!"

"செருப்புல சர்க்கரை இல்லைங்கிறது மட்டும் நிஜம்ங்க" என்றார் அக்கா. "அவர் சொன்னதுல சரியா இருந்தது அது ஒண்ணுதான்."

பல் டாக்டரம்மா பதறினார். "அப்போ இத்தனை நாளா நான் சாப்பிட்டது?"

"பர்கர்தாங்க. முழு பர்கர்."

சிரிப்பு எழுந்தது, பிறகு கூச்சல். காணிக்கை அனுப்பியவர்கள் மேசையைச் சூழ்ந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு அட்டவணையாரின் கோட்டைப் பிடித்தார். கோட்டு கையோடு வந்தது. உள்ளே இருந்தது எதிர்த்த தெருக் கைபேசிக் கடையின் சீருடை. போலீஸ் வரும்வரை அவரை அங்கேயே உட்காரவைத்தார்கள். பசிக்கிறது என்றார். யாரோ ஒரு பர்கரை நீட்டினார்கள். "வேண்டாங்க, எனக்குக் கொலஸ்ட்ரால்" என்றார்.

அக்கா காரை நேராக மருத்துவமனைக்கு விட்டார். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, ரத்தம் எடுத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும். சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கு பாருங்க."

கணக்கர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இந்த நம்பர் எப்படி வந்துச்சு டாக்டர்?"

"உங்க ரத்தத்தைச் சோதிச்சுத்தான்."

"என் ரத்தம்தான்னு எப்படித் தெரியும்? மிஷின் சரியாக் காட்டுதான்னு யாரு பாத்தாங்க?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டிய பெயரைக் காட்டி, மிஷினைத் தினமும் சோதிக்கும் முறையைச் சொன்னார். கணக்கர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "அப்போ மாத்திரை எழுதுங்க" என்றார்.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இந்தக் கேள்விய அந்த ஆள்கிட்டயும் கேட்டிருக்கலாமேங்க!"

கேட்டிருக்கலாம். அந்த வரிசையில் நின்ற எவரும் கேட்டிருக்கலாம். கேள்வி கேட்பதற்கு யாரும் காசு வாங்குவதில்லை. கேட்காதவர்களிடம்தான் வாங்குகிறார்கள், காசு போதாவிட்டால் கால்விரலையும் சேர்த்து.