கலங்கரை விளக்கத்துக்கு இன்று விடுமுறை

கடலோரப் பெருநகரங்களில் மட்டும் விளையும் மனித இனம் ஒன்று உண்டு. அங்கே உப்புக்காற்றில் சன்னல் கம்பி துருப்பிடிக்கும், சைக்கிள் துருப்பிடிக்கும், இவர் வாய் மட்டும் துருப்பிடிக்காது. ஊர் சுற்றிக் காட்டுபவர் என்று இவருக்குப் பெயர். கையில் கொடியும் கழுத்தில் அட்டையுமாக வெளியூர்க்காரர்களை மேய்த்துப் பிழைக்கிறவர்களை நினைத்துவிடாதீர்கள். அவர்கள் தொழிலாளிகள், சாயங்காலம் ஆனால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாம் பேசும் ஆசாமி உறவுக்காரர். ஒன்றுவிட்ட சித்தப்பாவாகவோ, மனைவியின் அண்ணனாகவோ, மாப்பிள்ளை வீட்டு மாமாவாகவோ குடும்பத்துக்கு ஒருவர் அந்த நகரத்தில் குடியிருப்பார். நீங்கள் ஏதோ சொந்த வேலையாக ரயிலில் வந்து இறங்குவீர்கள். நீங்கள் பல் தேய்த்து முடிப்பதற்குள் உங்கள் மூன்று நாளையும் அவர் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருப்பார்.

இவரோடு ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் இடம் தெரியாது; இவர் முதுகு தெரியும். கடலுக்கும் உங்களுக்கும் நடுவே நின்றுகொண்டு கடலைப் பற்றிச் சொல்வார். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் எந்த நாட்டுக்குப் போகிறது என்பது கப்பல் தலைவனுக்கே இன்னும் முடிவாகியிருக்காது, இவர் சொல்லிவிடுவார். தப்பித் தவறி எதையாவது பார்த்து "அழகா இருக்கே" என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். "இங்க நின்னு பாத்தா என்னங்க தெரியும்? அந்தப் பக்கம் வாங்க!" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போவார். அந்தப் பக்கம் போனால் ஒரு குப்பைத்தொட்டியும் பூட்டிய கதவும் தெரியும். எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க விடமாட்டார். எதைப் பற்றியும் ஐந்து நிமிடத்துக்குள் பேசி முடிக்கவும் மாட்டார்.

இந்த இனத்தில் கலப்படமே இல்லாத ஒருவர், ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்கவே தெரியாதவர் என்பதால் அச்சகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். நகரத்துக்கு வந்து இருபத்தொன்பது வருடம். இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட உறவினர் கூட்டங்களுக்கு ஊரைக் காட்டியிருக்கிறார். அவர்களில் இரண்டாம் முறை வந்தவர்கள் விடுதியில் தங்கினார்கள். அது ஏன் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கு அண்ணி வந்து சேர்ந்தார். செத்துப்போன அண்ணனின் மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஊதல் ஊதிய வாய்; சாதாரணமாகப் பேசினாலே எதிரில் இருப்பவர் வரிசையில் நின்றுவிடுவார். ஓடி ஓடித் தேய்ந்த இடது முழங்காலை மாற்றி வைக்க நகரத்து மருத்துவமனையில் புதன்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். அங்கே ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் காற்புள்ளியின் மனைவி செய்த ஏற்பாடு அது.

வந்ததும் வராததுமாக அண்ணி விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"தம்பி, புதன்கிழமை காலை நான் ஆஸ்பத்திரியில படுத்துடுவேன். அப்புறம் படியேறுறதெல்லாம் எப்போன்னு டாக்டர்தான் சொல்லணும். அதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு இடம் பாக்கணும். கலங்கரை விளக்கம்."

"தாராளமா, அண்ணி."

"பாக்கணும்னா கீழ நின்னு இல்ல. ஏறணும். உங்க அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி இங்க வந்து ஏறினாராம். இருநூத்திப் பதினாறு படின்னு சாகுற வரைக்கும் பீத்திக்கிட்டாரு. யாராவது மாடி ஏறி மூச்சு வாங்கினா போதும், ஆரம்பிச்சுடுவாரு. நிஜமா புளுகான்னு எண்ணிப் பாத்துடணும். இல்லன்னா எனக்கு மனசு ஆறாது."

காற்புள்ளி அண்ணியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் மனைவி சட்டென்று எழுந்து, மூடியிருந்த சன்னலைத் திறக்கப் போனார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

விஷயம் இதுதான். இருபத்தொன்பது வருடத்தில் காற்புள்ளி அந்தக் கலங்கரை விளக்கத்தின் முதல் படியில்கூடக் கால் வைத்ததில்லை. அவருக்கு உயரம் ஆகாது. முக்காலியில் ஏறி விளக்கு மாற்றுவதற்குக்கூட மனைவிதான். ஒவ்வொரு கூட்டத்தையும் வாசல் வரை அழைத்துப்போய், "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன், நான் பாக்காததா?" என்று கீழேயே நின்றுவிடுவார். பை கொண்டுவராதவர்களிடம், கலங்கரை விளக்கத்துக்கு இன்று விடுமுறை என்று அறிவித்துவிடுவார். இறங்கி வருகிறவர்களிடம், மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று அவர்களுக்கே விளக்குவார். ஆனால் தேய்ந்த முழங்காலோடு ஏறுகிற அண்ணியைத் தனியே அனுப்பிவிட்டுக் கீழே பை காக்க முடியுமா? எந்த முகத்தோடு நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்குக் கூட்டம் தாங்காது அண்ணி, நெரிச்சுடுவாங்க" என்றார். அதற்குப் பதிலாக அருங்காட்சியகம். வாசலில் அரை மணி நேரம் கட்டடத்தின் வரலாறு. உள்ளே மண்டபம் முழுக்கத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. அண்ணி அண்ணாந்து வாயைப் பிளந்தார். "எல்லாரும் தலையைத்தான் பாப்பாங்க. நீங்க வாலைப் பாருங்க" என்று கடைசி மூலைக்குக் கூட்டிப்போனார் காற்புள்ளி. அங்கே விளக்கு எரியவில்லை. "திமிங்கிளம்" என்று எழுதியிருந்த பலகையைத் திருத்தச் சொல்லி அதிகாரியைத் தேடிக் கிளம்பியவர், திரும்பி வருவதற்குள் மணியடித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை, "வாரத்துல இந்த ஒரு நாள் அதுக்கு விடுமுறை அண்ணி" என்றார். அன்றைக்கு மீன் காட்சியகம், பழைய கோட்டை, மணிக்கூண்டு, துறைமுகம். அண்ணிக்கு அன்று ராத்திரி நினைவிருந்தது ஒரே ஒரு மீன். அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் நினைவிருந்தது.

செவ்வாய்க்கிழமை, கடைசி நாள். "மேல வர்ணம் பூசுறாங்களாம். ஏறவிட மாட்டாங்க" என்று காலையிலேயே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னார். சரி, வெளியே நின்றாவது பார்க்கலாம் என்று கிளம்பினார்கள்.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், குதிரைமேல் வீரன் சிலை ஒன்று இருக்கிறது. காற்புள்ளிக்கு அது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. "குதிரைக்கு எந்தக் கால் தூக்கியிருக்கு, பாத்தீங்களா? அதுல ஒரு சூட்சுமம் இருக்கு" என்று தொடங்கி, வீரனின் வம்சம், சிலை வடித்தவரின் வம்சம், கப்பலில் வந்து இறங்கியபோது வாலில் விழுந்த விரிசல் என்று கண்ணை மூடி ரசித்துச் சொல்லிக்கொண்டே போனார். கண்ணைத் திறந்து, "இப்ப சொல்லுங்க, என்ன தெரியுது?" என்று கேட்டபோது எதிரில் யாரோ ஒருவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "பஸ் வர நேரம் ஆகும்னு நின்னேன் சார்" என்றார் அவர். அண்ணியைக் காணோம்.

சிலையைச் சுற்றினார். இளநீர் விற்பவரிடம் கேட்டார். கைப்பேசி அடித்தது.

"தம்பி, பேச்சு முடிஞ்சுதா?"

"அண்ணி! எங்க இருக்கீங்க?"

"இருநூத்தி மூணாவது படியில. முட்டி பூட்டிக்கிச்சு. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல."

சாலையை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. வர்ணம் பூசும்போது அண்ணியை எப்படி ஏறவிட்டீர்கள் என்று பாய்ந்தவரை, வாசலில் காவலுக்கு இருந்த பெண் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வர்ணமா? அதெல்லாம் யாரும் பூசலையே. அந்தம்மா ஏறி அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

"நீங்க கொஞ்சம் மேல போய்..."

"நான் கேட்டை விட்டு நகரக் கூடாது சார். உங்க வீட்டு ஆளுதானே? நீங்கதான் போகணும்."

காற்புள்ளி அண்ணாந்து பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார். தரைதான் எவ்வளவு நல்ல பொருள்! ஆனாலும் மேலே உட்கார்ந்திருப்பவர் யார்? அண்ணன் சம்பாத்தியம் போதாத காலத்தில், தம்பி படிப்பை நிறுத்தலாம் என்று வீடே கூடிப் பேசியபோது, ஊதலை எடுத்து மேஜைமேல் வைத்து, "அவன் படிக்கட்டும், என் சம்பளம் இருக்கு" என்று சொன்னவர். அதற்குப் பிறகு இன்றுவரை அதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டாதவர்.

ஏறினார்.

வளைந்து வளைந்து போகும் படிகள். நடுவே குழி. ஆளுயரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சன்னல்கள், ஒவ்வொன்றிலும் தரை இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தது. சுவரில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டார். கண்ணை மூடினால் தலை சுற்றியது. திறந்தால் உலகம் சுற்றியது. அப்போது அவருக்குக் கைகொடுத்தது அவருடைய தொழில். சுவர் முழுக்கக் காதலர்கள் கிறுக்கி வைத்திருந்தார்கள். "என் உயிறே" என்று ஒருவன். றகரம் தப்பு என்று சொல்லிக்கொண்டு நாலு படி ஏறினார். "மரக்க மாட்டேன்" என்று இன்னொருத்தி. மறக்காமல் இருப்பது இருக்கட்டும், முதலில் சரியாக எழுது என்று திட்டிக்கொண்டே பத்துப் படி. அந்தக் கோபுரத்தில் காதலித்தவர்களில் பாதிப் பேராவது ஒழுங்காகப் படித்திருந்தால் காற்புள்ளி பாதி வழியிலேயே மயங்கி விழுந்திருப்பார்.

அண்ணி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, முழங்காலைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

காற்புள்ளி அவருக்கு இரண்டு படி கீழே, சுவரோரமாகச் சரிந்தார். "எனக்கு உயரம் ஆகாது அண்ணி. இதுவரைக்கும் ஏறினதே இல்ல."

"இருபத்தொன்பது வருஷமா?"

தலையை ஆட்டினார்.

"இத முதல்லயே சொல்லியிருந்தா நானே காலையில ஏறிட்டு இறங்கியிருப்பேனே! அதுக்காகவா என்னை இருட்டுல நிக்க வச்சுத் திமிங்கலத்துக்கு வாலைக் காட்டுன?"

அவருக்கு அழுகை வந்தது. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். சிரிப்பு படிகளில் உருண்டு கீழே வாசல்வரை போயிற்று.

"சரி, வந்தது வந்துட்ட. எனக்கு மிச்சப் படியை எண்ணிட்டு வா."

"அண்ணி!"

"எழுந்திரு!" அந்தக் குரலுக்கு முன்னூறு பிள்ளைகள் எழுந்து நின்றிருக்கிறார்கள். அவரும் எழுந்தார்.

கையையும் சேர்த்து நான்கு காலில்தான் ஏறினார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினார். படிகள் முடிந்த இடத்தில் ஒரு கதவு. கதவுக்கு வெளியே காற்று. நிலைப்படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

நகரம் கிடந்தது. அவருடைய நகரம். ஆனால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. வலப்புறம் இருக்கிறது என்று நாற்பது கூட்டத்துக்குச் சொன்ன துறைமுகம் இடப்புறம் இருந்தது. தீவு என்று அவர் அடித்துச் சொல்லிவந்த இடம் தீவே இல்லை. கரையோடு மணல்திட்டால் ஒட்டியிருந்தது. கோட்டை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கடல் மட்டும் அவர் சொன்னதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தது. அவர் முதுகு மறைக்காமல் அவரே அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே நின்றார். பயம் போகவில்லை, ஆனால் பயந்துகொண்டே பார்க்கலாம் என்று தெரிந்தது.

அங்கே நின்றிருந்த ஒரு வெளியூர் இளைஞன் கேட்டான். "சார், மணிக்கூண்டு எது?"

காற்புள்ளி வாயைத் திறந்தார். மூடினார். "தெரியலப்பா" என்றார்.

திரும்பி வந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி: "எத்தனை?"

"பதினாலு."

"பதிமூணு இல்ல?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் அண்ணி. போறப்பவும் வர்றப்பவும். மொத்தம் இருநூத்திப் பதினேழு. அண்ணன் ஒண்ணை விட்டுட்டாரு."

அண்ணி கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும், ஒண்ணுதானே. அந்த மனுஷன் மத்தபடி விட்ட கதைக்கு இது எவ்வளவோ பரவாயில்ல. ஏறினது நிஜம்தான்."

இருவரும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார்கள். அண்ணி முன்னால், அவருடைய கைப்பையின் வாரைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, காற்புள்ளி பின்னால். ஏறி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசலுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அண்ணி பிற்பாடு டாக்டர் உட்பட எல்லோரிடமும் சொன்னார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பத்தாவது நாள் அண்ணி வீட்டுக்கு வந்து, கைப்பிடிச் சட்டத்தை ஊன்றிக் கூடத்தில் நடை பழகினார். காற்புள்ளி திருந்திவிட்டார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? அவர் மனைவியும் அப்படித்தான் எதிர்பார்த்தார். அண்ணியை நலம் விசாரிக்க உறவுக்காரத் தம்பதி ஒன்று வந்தது. போகிற வழியில் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்த அம்மாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"மேல போய் எல்லாரும் கிழக்குப் பக்கம்தான் நிப்பாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் காற்புள்ளி. "அங்க ஒண்ணுமே இல்ல. துறைமுகத்தைப் பாக்கணும்னா கதவுக்கு இடது பக்கம் நிக்கணும். ஆனா நீங்க ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வந்திருக்கணும். அன்னிக்கு இருந்த வெளிச்சம் இப்ப இல்ல."

அண்ணி நடப்பதை நிறுத்திவிட்டுக் கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மறுபடியும் நடக்கத் தொடங்கினார். சில மூட்டுகளை மாற்றி வைக்க முடியும். சிலதுக்கு வைத்தியமே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். இப்படி ஒரு மாமா எனக்கும் இருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் சொல்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் ஊரிலும் பார்க்க வேண்டிய இடங்கள் என்று நாலு இருக்கும் அல்லவா? உறவினர் யாரும் வராதபோது, யாருக்கும் எதையும் விளக்காமல், நீங்களாக அவற்றில் ஒன்றுக்குக் கடைசியாகப் போனது எப்போது? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். அதற்குமுன் போய்க் கதவைத் திறங்கள். வாசலில் யாரோ பெட்டியோடு நிற்கிறார்கள், பாவம், உங்களை நம்பி.