ஒன்றாம் நம்பர் பேஷண்ட்

என் மனைவியை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உறுதியாக முடிவெடுத்தேன். முடிவை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் உரிமை எனக்கு உண்டு. வெளியே சொல்லும் உரிமைதான் கிடையாது.

அவள் நர்ஸ். ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் பதினான்கு வருட சர்வீஸ். அவள் நடந்து வருகிற சத்தம் கேட்டால் டாக்டர்களே கோட்டுப் பித்தானைச் சரிபார்ப்பார்கள் என்று கேள்வி. வெளிநாட்டில் வேலை பார்க்க அந்த நாட்டு லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று பரீட்சை. மொழிப் பரீட்சை ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, கடைசியாகச் செய்முறை. "எங்கே தேறப்போகிறாள்" என்று நான் தைரியமாக இருந்தபோதே முதல் இரண்டிலும் தேறிவிட்டாள்.

செய்முறையிலும் தேறினால் விமானம்தான். முதல் ஒரு வருடம் அவள் மட்டும் போக வேண்டும், பிறகுதான் என்னை அழைத்துக்கொள்ளலாம் என்பது அங்கத்திய சட்டம். ஒரு வருடம். எனக்கு டீ போடத் தெரியாது, துணி துவைக்கத் தெரியாது என்பதெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்கிற காரணம். சாயந்திரம் கதவைத் திறந்தால் உள்ளே அவள் குரல் இருக்காதே, நிஜக் காரணம் அதுதான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து இதை எப்படிப் போய்ப் பொண்டாட்டியிடம் சொல்வது? அதனால் டீயையே பிடித்துக்கொண்டேன்.

"நீ போயிட்டா என் கதி என்ன? எனக்கு ஒரு டீ கூட போடத் தெரியாது."

"எனக்கும் அதே கவலைதாங்க," என்றாள். "நீங்க தனியா இருந்துக்குவீங்கன்னு எனக்கு நம்பிக்கை வந்தாதான் போவேன். வரலைன்னா போகமாட்டேன். போதுமா?"

தாராளமாகப் போதும். அந்த நம்பிக்கை அவளுக்கு வராமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலையா? இத்தனை வருடமாக முயற்சியே இல்லாமல் செய்து வந்ததுதானே.

"அது இருக்கட்டும். செய்முறைக்கு நான் பழகணும். பேஷண்டா படுக்க ஒரு ஆள் வேணும். நீங்க படுக்கறீங்களா?"

படுப்பதற்கு என்னை யாராவது கேட்க வேண்டுமா? உடனே சம்மதித்தேன். மனசுக்குள் திட்டம் தயார். உலகத்திலேயே ஒன்றும் தெரியாத, ஒன்றும் முடியாத பேஷண்டாக இருந்துவிடுவது. பரீட்சை மேலும் அவளுக்கு நம்பிக்கை போகும், என் மேலும் போகும்.

பரீட்சை என்றால் மார்க் போட ஒருவர் வேண்டுமே. எதிர் ஃபிளாட் டீச்சர் வந்தார். முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், அதட்டலிலிருந்து இல்லை. கையில் சிவப்புப் பேனாவும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு கட்டில் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

மனைவி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் படுக்கையறைக் கதவை அவள் தட்டியது அதுவே முதல் தடவை.

"வணக்கம் சார். இன்னிக்கு நான்தான் உங்களைப் பாத்துக்கப்போற நர்ஸ். உங்க முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்றீங்களா?"

"ஞாபகமில்லை," என்றேன். முதல் பந்திலேயே முட்டுக்கட்டை.

"பரவாயில்லை சார். மெதுவா யோசிங்க. நான் காத்திருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு வருடத்தில் எனக்காக அவள் காத்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. பஸ் நிறுத்தத்தில்கூட நான்தான் பின்னால் ஓடுவேன். அதிலும் 'சார்' வேறு. அலுவலகத்தில் பியூன்கூட என்னை 'இந்தாப்பா' என்றுதான் கூப்பிடுவான். கொஞ்சம் இளகிப்போய்ப் பிறந்த தேதியைச் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்குச் சம்மதம்னா சில கேள்வி கேக்கலாமா சார்? வீட்ல நீங்களா டீ போட்டுக் குடிப்பீங்களா?"

"தெரியாது."

"சமையல்?"

"தெரியாது."

"துணி துவைக்கிறது, மடிக்கிறது?"

"அலமாரியைத் திறந்தா துணி இருக்கும். அது எப்படி வருதுன்னு நான் விசாரிச்சதில்லை."

நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. உண்மையைச் சொன்னாலே போதுமானதாக இருந்தது. அவள் முகம் வாடும் என்று பார்த்தேன். அவளோ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். 'தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறன்: அறவே இல்லை.' கீழே என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். எழுத்துப்பூர்வமாகவே கிடைத்துவிட்டது என்று எனக்குப் பரம சந்தோஷம்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மார்க்கைப் படித்தார். "நர்ஸுக்குப் பத்துக்கு எட்டு. பேஷண்டுக்குப் பத்துக்கு ரெண்டு."

"டீச்சர், பேஷண்டுக்கு எதுக்கு மார்க்கு?"

"என் முன்னால உக்காந்தா மார்க்கு உண்டு தம்பி. படுத்தாலும் உண்டு."

ரெண்டு. அது என்னைக் குத்தியது. ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய அதிகபட்ச மார்க் நாற்பத்தொன்று. அதுவும் ஓவியத்தில். நாற்பத்தைந்து வயதில் மறுபடியும் ரெண்டு வாங்குவதற்கா நான் இத்தனை தூரம் வாழ்ந்து வந்தேன்?

மறுநாள் என்னைச் சமையலறை வரை நடக்க வைத்தாள். "ஆபரேஷன் ஆனவங்க சீக்கிரம் எழுந்து நடக்கணும் சார்" என்றாள். எனக்கு எந்த ஆபரேஷனும் ஆகவில்லை என்பதை அந்த மரியாதையில் மறந்துவிட்டேன்.

"சார், டீ எப்படிப் போடறதுன்னு சொல்றேன். அப்புறம் நீங்க அதையே எனக்குத் திருப்பிச் சொல்லணும். அப்புறம் செஞ்சு காட்டணும். பேஷண்டுக்குச் சொல்லிக்கொடுத்தா அப்படித்தான் சரிபாக்கணும். இல்லைன்னா எனக்கு மார்க்கு குறைச்சுடுவாங்க."

அவளுக்கு மார்க் குறைந்தால் எனக்கு நல்லதுதானே? தெரியும். தெரிந்துதான் அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். ஆனால் டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறாரே. தண்ணீர், தூள், பால், சர்க்கரை. சொன்னேன். செய்தும் காட்டினேன்.

"ரொம்ப நல்லா பண்ணீங்க சார்," என்றாள் மனைவி.

"அஞ்சு," என்றார் டீச்சர். "கொதி போதலை. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் ஏழு வாங்கினேன். அன்று அலுவலகத்தில் எல்லாரிடமும் சிரித்துப் பேசினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கே வியப்பு. நாலாம் நாள் சாதம். ஆறாம் நாள் வெங்காயம் நறுக்கினேன், எட்டு மார்க். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தாலா எட்டாலா என்று தெரியவில்லை. எட்டாம் நாள் துணி. வெள்ளையைத் தனியாகவும் கலரைத் தனியாகவும் நானே பிரித்து வைத்தேன். பத்தாம் நாள் கட்டில் விரிப்பை ஆஸ்பத்திரி மடிப்பாக மூலையில் மடித்துச் செருகினேன். டீச்சர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு "ஒன்பது" என்றார். தினமும் ஒரு தாள், தினமும் என் கையெழுத்து. 'பேஷண்ட் உதவி இல்லாமல் தானாகவே செய்கிறார்.'

இதில் நான் ஏமாந்தேன் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். "ஏங்க, அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் நறுக்கித் தரக்கூடாதா" என்று அவள் கேட்டிருந்தால் நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பேன். நான் வீட்டு வேலை செய்யவே இல்லை. சிகிச்சை பெற்றேன்.

அவள் வெளியூர் போய்ப் செய்முறைப் பரீட்சையை முடித்துவிட்டு வந்தாள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. தேர்ச்சி. செல்போனை என்னிடம் நீட்டிவிட்டு, நான் படித்து முடிப்பதற்குள் அவளே இரண்டு தடவை வாங்கிப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் என் துருப்புச்சீட்டை இறக்கினேன்.

"சந்தோஷம். ஆனா நீ ஒரு வாக்கு குடுத்தே. நான் தனியா இருந்துக்குவேன்னு உனக்கு நம்பிக்கை வந்தாதான்..."

அவள் அந்தத் தாள்களைக் கோத்து வைத்திருந்த ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பதினான்கு தாள், பதினான்கு கையெழுத்து. எல்லாம் என்னுடையது.

"அது நடிப்பு," என்றேன். "நான் பேஷண்ட் வேஷம் போட்டேன். அவ்வளவுதான்."

டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சர் எதிர் ஃபிளாட்டிலிருந்து நோட்டோடு வந்தார்.

"நடிப்பா? நடிச்சா சாதம் வேகுமா தம்பி? நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேனே."

"அன்னிக்கு ஏதோ அதிர்ஷ்டம் டீச்சர்."

"அப்படியா? போய் மூணு டீ போட்டுக் கொண்டுவா. பாத்துடலாம்."

இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? சமையலறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன். தண்ணீர் சுடுவதற்குள் தூளைப் போட்டேன், சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன், பாலை வேண்டுமென்றே மறந்தேன். என் திருமண வாழ்க்கையே அந்த டம்ளர்களில் இருந்தது. கொண்டுபோய் வைத்தேன். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கவலை இருந்தது போலத் தோன்றியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டீச்சர் ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தார். நோட்டில் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பூஜ்யம்.

"ஒன்பது வாங்கினவன் பூஜ்யத்துக்கு வந்துட்டியே தம்பி," என்றார். "சரி, உன்னால அவ்வளவுதான் முடியும்போல. நான்தான் தப்பா எடை போட்டுட்டேன்."

நோட்டை மூடப்போனார்.

பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் போக மாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பூஜ்யம் வட்டமாக, சிவப்பாக, என் பேருக்கு நேரே இருந்தது.

"மூடாதீங்க டீச்சர்," என்றேன். "அஞ்சு நிமிஷம். வேற போட்டுக் கொண்டுவரேன்."

போட்டேன். பால் பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, மறுபடி கூட்டி, இஞ்சியைத் தட்டிப் போட்டு, வடிகட்டி, டம்ளரின் விளிம்பைத் துணியால் துடைத்து எடுத்துப் போனேன். டீச்சர் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"பத்துக்குப் பத்து."

வாழ்க்கையில் முதல் முழு மார்க். கண் கலங்கித் திரும்பினால், மனைவி அலமாரி மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் முடிவு பண்ணினியா?" என்றேன்.

"இப்பவா? நீங்க வெள்ளைத் துணியைத் தனியா எடுத்து வெச்சீங்களே, அன்னிக்கே." பெட்டியின் தூசியைத் தட்டினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சார் எல்லாம் போடாமல், மெதுவாகச் சொன்னாள். "ஒரு வருஷம்தாங்க. தினமும் சாயந்திரம் நீங்க கதவைத் திறக்கிற நேரத்துக்கு போன் பண்றேன். எனக்குத் தெரியாதா?"

டம்ளர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன், யாரும் சொல்லாமலேயே.