ஒரு பிளாப்பிக்குள் கஸ்தூரி அக்கா

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டையை ஒரு படிகூட ஏறாமல் அளந்து முடித்த ஒரே ஆள் எங்கள் பிளாப்பி அண்ணன்தான். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன்: பிளாப்பி என்பது கம்ப்யூட்டர் வந்த புதிதில் விஷயங்களைச் சேமித்து வைத்த, உள்ளங்கை அகலச் சதுரத் தட்டு. இப்போது போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதில் முழுசாக ஏறாது.

என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சென்டரை மூடிப் பல வருஷம் ஆகியும் மனுஷன் கணக்கை மூடவில்லை. என் கடை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, புது போன் வாங்கியவனை எல்லாம் மடக்குவார்.

"எத்தினி ஜிபிப்பா?"

"நூத்தி இருபத்தெட்டுண்ணே."

"தொண்ணூறாயிரம் பிளாப்பி! ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா ராஜகிரி உச்சியத் தாண்டிடும். அத்தப் போயி சட்டப் பையில வெச்சிக்கினு சுத்துற?"

அறுபத்துநாலு ஜிபிக்காரனைப் பாதி மலையில் நிறுத்திவிடுவார். வல்லத்திலிருந்து பட்டா ஜெராக்ஸ் எடுக்க வரும் வேர்க்கடலை விவசாயி முருகேசன் மட்டும்தான் அவரிடம் மடங்காத ஆள். "அந்த ஒசரத்துக்கு மல்லாட்ட மூட்டய அடுக்கிக் குடுண்ணே, ஒதவும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

கணக்கோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அண்ணனுக்கு ஒரு கொள்கை இருந்தது. எத்தனை படமானாலும் ஒரு பிளாப்பிக்குள் அடங்க வேண்டும், மீதியெல்லாம் ஆடம்பரம். தன் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து, மொத்தக் கல்யாணத்தையும் ஒரே பிளாப்பியில் அடைத்தார். அப்புறம் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து ஆல்பம் நாசமானபோது, "பாத்தியா? நான் ஏத்தி வெச்சிட்டேன்ல" என்று மார் தட்டினார். அவர் மனைவி கஸ்தூரி அக்கா கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"யோவ், எங்கல்யாணத்த நகத்தளவு ஆக்கிட்டியேய்யா. என் மூக்குத்தி எங்க?"

"ஆளு முழுசா இருக்கிற இல்ல?"

"மூக்கயே காணோம். இதுல மூக்குத்திய எங்கன்னு தேடறது?"

இவர் கேட்டால்தானே! போன் வந்த பிறகும் அதே கதைதான். அக்காவை எடுத்த ஒவ்வொரு படத்தையும் நகத்தளவு சுருக்கி வைத்துக்கொண்டு, பெரிய படத்தை அழித்துவிடுவார். பிள்ளை இல்லாத வீடு. வேறு போன் கிடையாது. கொள்கை மட்டும் அமோகமாக விளைந்தது.

போன மார்கழியில் காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை.

காரியத்துக்கு முன்னால் பேனர் வைக்க வேண்டுமே. அண்ணனைக் கூட்டிக்கொண்டு சலீம் பாயின் பிளெக்ஸ் கடைக்குப் போனேன். பாய் படத்தைத் திரையில் இழுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணே, பத்தடிக்கு இழுத்தா கட்டம் கட்டமா வருது. மூஞ்சி தெரியல. பெரிய போட்டோ எதுனா இருக்குதா?"

ஆதார் கார்டில் இருக்குமே என்றேன். "அது யாரோ ஒரு பொம்பள. கஸ்தூரி இல்ல" என்றார் அண்ணன். சொந்தக்காரர்கள் போனையெல்லாம் துழாவினோம். அக்கா எல்லாவற்றிலும் சாம்பார் வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தியில் நின்றார்.

கடைசியில் அண்ணனே சொன்னார். "இழுக்காதீங்க பாய். அவ எந்த சைஸுல இருக்கிறாளோ அப்டியே போட்டுடுங்க. சுத்தி வெள்ளையா வுட்டுடுங்க."

என் கடைச் சுவரில் பேனரைக் கட்டினோம். பத்தடி வெள்ளை. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் தபால்தலை அளவில் அக்கா. ரோட்டில் போனவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். "இன்னாடா இது, படம் போட மறந்துட்டானுங்களா?" என்று ஒருவன் கேட்டது அண்ணன் காதிலும் விழுந்தது. ஆனால் கேட்டவனே வண்டியை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தான். வேறு வழியில்லை, கிட்டே வந்தால்தான் முகம் தெரியும். அன்று முழுக்க ஜனங்கள் அப்படி ஒவ்வொருவராக வந்து, குனிந்து, அக்காவை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எந்தப் பெரிய மனுஷன் பேனரையும் செஞ்சியில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் முருகேசன் வந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா சிரிக்குதுண்ணே."

"மூக்குத்தி தெரியுதா, முருகேசா?" என்று கேட்டார் அண்ணன்.

"தெரியுதுண்ணே. நல்லா பளபளன்னு."

நானும் குனிந்து பார்த்தேன். மூக்கே தெரியவில்லை. "ஆமாண்ணே, தெரியுது" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் கடைக்குள் போய் அழுதேன்.

அண்ணன் இப்போதும் வாசல் நாற்காலிக்கு வருகிறார். புது போன்காரர்கள் தைரியமாக நடமாடுகிறார்கள். யாரையும் அவர் மடக்குவதில்லை. போன வாரம் டீ குடிக்கும்போது அவருக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்தேன். பார்த்துவிட்டார்.

"எத்தினி பிளாப்பி?"

"மூணு வரும்ணே."

"ஜாஸ்தி. கொறச்சி வெய்யி."

"ஆவட்டும்ணே" என்றேன்.

குறைக்கவில்லை. குறைக்கவும் மாட்டேன்.