கண்ணீர் ஒத்திகை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். என் வீட்டுக்காரி அடுப்படியில்தான் இருக்கிறாள். பாம்புக் காது.

கறிக்கடை மீசைக்காரர் என்றால் தெருவே பயப்படும். ஆனால் சினிமாவில் யாராவது தும்மினால்கூட எனக்குக் கண் கலங்கிவிடும். இது வெளியே தெரிந்தால் கடையில் கத்தியும் கையுமாக எப்படி நிற்பது?

அந்த நேரம் பார்த்து ஒரு காதல் படம் வந்தது. போனவர்களெல்லாம் மூக்குச் சிவந்து திரும்பினார்கள்.

"எனக்கெல்லாம் அழுகை வராது" என்றேன். வாய்க்கொழுப்பு.

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா கதவா என்றே அவளுக்குத் தெரியாது.

"அப்படிங்களா? ஞாயித்துக்கிழமை சேர்ந்து போய்ப் பார்ப்போம். முதல்ல அழறவங்க வருஷம் பூரா பாத்திரம் தேய்க்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றது மீசை.

திட்டம் போட்டேன். முன்னாடியே தனியாகப் போய், இருக்கிற கண்ணீரையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டால்? போனேன். கடைசியில் படகு கவிழ்ந்து கதாநாயகி போய்ச் சேர்ந்தாள். நான் அழுததைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டுக்காரர், "செத்தவங்க உங்களுக்கு என்ன உறவுங்க?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு போனேன். அவள் பக்கம் திரும்பவே பயம். என் மூஞ்சியே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படம் தொடங்கியது. அந்தப் பெண் துள்ளிக்கொண்டு வந்து, "எனக்கும் துடுப்புப் போடக் கத்துக்குடு" என்று காதலனிடம் கொஞ்சினாள். அரங்கமே சிரித்தது. ஐயோ பாவி மகளே, அந்தப் படகில் ஏறாதே! முடிவு தெரிந்தவன் முதல் காட்சியிலேயே அழுதுவிட்டேன். மீசை நுனியில் சொட்டியது.

இருட்டில் ஒரு கை என் கன்னத்தைத் தடவியது. பாசம் என்று நினைத்தேன். ஈரம் பார்க்க வந்த கை அது.

"தூசிம்மா" என்றேன். பதிலே இல்லை.

முடிவில் அரங்கமே தேம்பியது. விளக்கைப் போட்டார்கள். அவள் கண்ணில் பொட்டு ஈரம் இல்லை.

"அடியே, நீ மனுஷிதானா? எப்படிடி அழாம இருந்தே?"

"என்னது? கேக்கலைங்க."

பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினாள்.

"படம் நல்லா இருந்துச்சாங்க?" என்று கேட்டு, அந்தப் பஞ்சை என் கையில் வைத்தாள். "இந்தாங்க, கண்ணைத் தொடைச்சுக்குங்க."