உன் கார் மேலே நிற்பது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் விசாரிப்பதை இரண்டாம் பக்கத்துக்கு வைத்திருக்கிறேன். முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் லிஃப்ட் வாங்குவதற்காக நீ உன் சம்பந்தியோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கி, அவர் ஷெட்டில் இறக்கி, அதன் மேல் உன் காரை ஏற்றி, போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவை உன் மனைவி என் மனைவிக்கு அனுப்பி, அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்து, "இது உங்க தம்பி கார் மாதிரி இருக்கே" என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். போட்டோவில் உன் கை பட்டன் மேல் இருக்கிறது. அவர் கை உன் தோள் மேல் இருக்கிறது. உன் கல்யாண போட்டோவில்கூட நீ இப்படிச் சிரித்ததில்லை, நான் ஆல்பத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் காய் நறுக்குகிறாய். நான் மனம் நொந்து ஒன்று சொன்னால் பின்னாலிருந்து உன் மருமகன் சிரிக்கிறார். அவர் யார் மகன் என்பதை நான் மறக்கவில்லை. ஆகையால் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

நீ முதல் கார் வாங்கிய நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக உன் காரை நான்தான் பார்த்து வருகிறேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. குடிநீர் வாரியத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது வேறு ஏதோ ஒரு வண்டியின் கையேடு குப்பையில் கிடைத்தது, அதை வைத்துக்கொண்டே உன் வண்டியைப் பிரித்தேன், திரும்பப் பூட்டியபோது ஏழு நட்டு மிஞ்சியது, வண்டி ஓடியது. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு நீ வருவாய். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, ஜாக்கி போட்டுத் தூக்கிய காருக்கு அடியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்வோம். நேருக்கு நேர் பார்த்து நீ என்னிடம் எதையும் சொன்னதில்லை. வேலையை விட்டதைச் சொன்னது காருக்கு அடியில். டாக்டர் சொன்னதைச் சொன்னது காருக்கு அடியில். பெண்ணுக்கு இந்த இடத்தைப் பேசி முடித்துவிட்டதைச் சொன்னதும் அங்கேதான். அந்த நேரம் பார்த்து என் கண்ணில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தது, நல்லது என்று மட்டும் சொன்னேன். இப்போது படுக்கவே வேண்டாமாம். குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே வேலை பார்க்கலாமாம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவரிடம் என்னென்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் சம்பந்தி முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். மதிக்கிறேன். எந்த ஆறு எங்கே உற்பத்தியாகிறது என்று அவர் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல அவர் யார்? நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கழற்றிய போல்ட்டையெல்லாம் முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் போட்டு வேலை செய்கிறாராம். நீயே என்னிடம் மெச்சிச் சொன்னாய். பூட்டி முடித்தால் ஒரு நட்டுகூட மிஞ்சாதாம். மிஞ்சாதவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்?

இது இரண்டாம் பக்கம். நலமா? உன் முழங்கால் தேவலையா? பேத்தி குப்புற விழுந்துவிட்டாளா, இல்லை இன்னும் மல்லாந்துதான் கிடக்கிறாளா? இங்கே நானும் உன் அண்ணியும் நலம். உன் காரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

பேத்தியைப் பார்க்கப் பெண் வீட்டுக்குக் கிளம்பும்போது கார் சாவியை என்னிடம் கொடுத்தாய். கொடுத்துவிட்டு என்ன சொன்னாய்? "மூணு நாளைக்கு ஒரு தடவ ஸ்டார்ட் மட்டும் பண்ணிடுண்ணே, பேட்டரி இறங்கிடாம இருக்கட்டும். மத்ததெல்லாம் வந்ததும் வாத்தியார் ஷெட்டுல பாத்துக்கலாம்." மட்டும். அந்த 'மட்டும்' என்னை ஒரு வாரம் சாப்பிட விடவில்லை. இருபத்தாறு வருஷம் காரின் வயிற்றுக்குள் கையை விட்டவனுக்கு இனி சாவியைத் திருகும் உத்தியோகம். சரி, லிஃப்ட்தானே வித்தியாசம், அதை நானும் வாங்குகிறேன், தம்பி திரும்பி வரும்போது கார் சர்வீஸ் முடிந்து வாசலில் நிற்கட்டும், அப்புறம் எந்த ஷெட்டுக்குப் போகிறான் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

லிஃப்டில் மூன்று தினுசு இருக்கிறது. ஒன்று, காரை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒருக்களித்துப் படுக்க வைப்பது. கார் என்ன கைக்குழந்தையா? இரண்டாவது, வாத்தியார் வாங்கியது, ஸ்ட்ரெச்சர் மாதிரி இரண்டு நீளச் சட்டம், காரின் இரண்டு பக்கமும் கீழே தள்ளிவிட்டால் தூக்கும். மூன்றாவது, கத்தரிக்கோல் மாதிரி மடிந்து கிடந்து விரிந்து எழும்புவது. கடைக்காரர் என் ஷெட்டின் உயரம் எவ்வளவு என்று கேட்டார். பூகோள வாத்தியார் வாங்கியது எவ்வளவு தூக்கும் என்று நான் கேட்டேன். ஒன்றே முக்கால் அடி என்றார். அதைப்போல இரண்டு மடங்கு தூக்குவது எது என்று கேட்டேன். அவர் மறுபடியும் ஷெட்டின் உயரத்தையே கேட்டார். வியாபாரம் தெரியாத ஆள். நான் அளக்காமல் போகவில்லை, தம்பி. ஷெட்டின் நீளத்தை அளந்தேன், அகலத்தை அளந்தேன், தரை மட்டமாக இருக்கிறதா என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். வாத்தியார் தரையில் தண்ணீர் வைத்துப் பார்த்திருப்பாரா? மாட்டார்.

எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. ஒரு பெண் குதிகால் செருப்போடு ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போகிற படமும் இருந்தது. நகர்த்தலாம் என்பது உண்மைதான். யார் நகர்த்துவது என்பதை அவர்கள் சொல்லவில்லை. லாரிக்காரர் அதை வாசல் கேட்டுக்கு நடுவில் இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் உன் அண்ணி சமையலறை ஜன்னல் வழியாகப் பால் வாங்கினாள். மூன்றாம் நாள் மாடியில் குடியிருக்கும் தையல்காரர், அவர் மச்சான், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், நான், நான்கு பேருமாக இரும்புக் குழாயை அடியில் போட்டு உருட்டி உள்ளே தள்ளினோம். சிலிண்டர்காரர் இப்போதெல்லாம் தெருமுனையிலிருந்தே குரல் கொடுக்கிறார், வாசலுக்கு வருவதில்லை.

நேற்றுக் காலை உன் காரை ஓட்டி வந்து லிஃப்டின் மேல் நிறுத்தி, நான்கு மூலைக்கும் ரப்பர் கட்டை வைத்துப் பட்டனை அமுக்கினேன். எழும்பியது, தம்பி. பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏறினதும் 'டக்' என்று ஒரு பூட்டு விழும். கார் தவறி இறங்காமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. வாத்தியார் லிஃப்டுக்கு இரண்டே இரண்டு டக். என்னுடையதற்கு ஐந்து. ஒன்று, இரண்டு. அவரை எட்டிவிட்டேன். மூன்று. அவரைத் தாண்டிவிட்டேன். கண்ணெல்லாம் காருக்கு அடியில்தான், சைலன்சர் துருப்பிடித்திருக்கிறது, அதை யாராவது உன்னிடம் சொன்னார்களா? நான்கு. ஐந்தாவது டக் கொஞ்சம் கனமாகக் கேட்டது. விலைக்கு ஏற்ற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அது ஐந்தாவது டக் மட்டும் இல்லை. கூடவே உன் காரின் கூரை ஷெட்டின் கான்கிரீட் பீமில் இடித்த சத்தம். பயப்படாதே, சின்னப் பள்ளம்தான், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாமல் நிற்கும், அவ்வளவே.

சரி, இறக்குவோம் என்று பட்டனை அமுக்கினால் இறங்கவில்லை. கையேட்டைத் திறந்தேன். பதினோராம் பக்கத்தில் போட்டிருக்கிறான்: இறக்குவதற்கு முன் ஓர் அங்குலம் மேலே தூக்கினால்தான் பூட்டு விடுபடுமாம். மேலே தூக்க இடமில்லை. தூக்காமல் இறங்காது. இதை முதல் பக்கத்தில் போட்டால் அவன் குடி முழுகிவிடுமா? காரின் உயரத்தைக் குறைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு, நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கினேன். டயர் நான்கும் அந்தரத்தில் தொங்குகின்றன என்பது நான்காவதைப் பிடுங்கிய பிறகுதான் உறைத்தது. தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, பீமைக் கொஞ்சம் செதுக்கலாமே என்றார். அந்த பீமுக்கு நேர் மேலேதான் அவருடைய தையல் மிஷின் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னதும் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

உன் அண்ணி கையில் காப்பியோடு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தன வருஷமா காருக்கு அடியில கெடந்தீங்க. இப்ப கார் தலைக்கு மேல ஏறிடுச்சு. முன்னேற்றந்தான்."

நான் காப்பியை வாங்கிக்கொண்டேன்.

"வாத்தியார கூப்பிட்டா என்ன? நாலு தெரு தள்ளித்தானே இருக்கார்."

அவரைக் கூப்பிடுவதைவிட ஷெட்டை இடிப்பேன் என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன். அவர் வந்து நெற்றி விளக்கைப் போட்டுப் பார்ப்பார், தம்பி. மெதுவாகச் சிரிப்பார். அப்புறம் அடுத்த ஞாயிறு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து உன்னிடம் சொல்வார். நீயும் சிரிப்பாய். அதற்கப்புறம் உன் கார் என் வாசல் பக்கம் திரும்புமா? நீதான் திரும்புவாயா?

ஆகவே கேட்டுக்கொள். நீ சனிக்கிழமை வருகிறாய். ஸ்டேஷனிலிருந்து நேராக இங்கே வந்து சேர். உன் மனைவிக்குச் சொல்லாதே, மருமகனுக்குச் சொல்லாதே, முக்கியமாக வாத்தியாருக்கு இது எந்த ஜென்மத்திலும் தெரியக் கூடாது. அண்ணன் தம்பி இரண்டு பேருமாக ஏதாவது செய்து இறக்கிவிடலாம். என்ன செய்து என்பதை நீ ரயிலில் யோசித்துக்கொண்டு வா. அதோடு, இனி உன் காரை வேறொருவர் தொடுவதில்லை என்று என் கையில் அடித்துச் சொல்லிவிடு.

பேத்திக்குப் பல் வலிக்காமல் முளைக்கட்டும். உன் பெண்ணுக்கு என் ஆசி. உன் மனைவிக்கு என் அன்பு, போட்டோ அனுப்பியதற்கும் சேர்த்து. மருமகனுக்கு ஆசி சொல்லலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இந்த வரி எழுதும்வரை உன்னை மன்னிக்காத
உன் அண்ணன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வாத்தியார் வந்து நிற்கிறார். உன் அண்ணி சொல்லிவிட்டிருக்கிறாள். மனுஷன் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அப்புறம், "எனக்கு ஒரு சந்தேகம் சம்பந்தி, தப்பா இருந்தா சொல்லுங்க. இந்த ரப்பர் கட்டை மூணு அங்குலம் இருக்கே, காருக்கு நாலு பக்கமும் ஸ்டாண்ட இறுக்கி முட்டு கொடுத்து, பாரம் அதுக்கு மாறினதும் கட்டைய உருவிட்டா, லிஃப்ட் தனியா ஒரு அங்குலம் எழும்பாதா?" என்று கேட்டார். எழும்பும். எந்தெந்த இடத்தில் முட்டுக் கொடுத்தால் அடித்தகடு நசுங்காது என்று நான் சொல்லச் சொல்ல, நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்னதை இதுவரை யாராவது எழுதிக்கொண்டிருக்கிறார்களா, நீ சொல். ஒன்றரை வருஷமாக என் ஷெட்டைப் பார்க்க ஆசைப்பட்டாராம். அண்ணன் கோபக்காரர், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று நீதான் தடுத்து வைத்தாயாம். இப்படி ஒரு மனிதரை எனக்குத் தெரியாமல் நீயே வைத்துக்கொண்டாயே, இது குற்றம் இல்லையா? மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் படி.

செய்ய வேண்டியவை: உயரமான ஸ்டாண்ட் நான்கை வாத்தியார் நாளைக் காலை கொண்டுவர வேண்டும். கட்டையை உருவுவது நான், கட்டைக்கு எண் போடுவது அவர். அந்த ஒரு மணி நேரம் தையல்காரர் மாடியில் மிஷினை மிதிக்கக் கூடாது. உன் அண்ணி எங்கள் இரண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்து உன் மனைவிக்கு அனுப்ப வேண்டும். நீ சனிக்கிழமை கிளம்ப வேண்டாம், பேத்தியோடு இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வா. கூரையில் விழுந்த பள்ளத்தை யார் தட்டி எடுப்பது என்று நானும் வாத்தியாரும் பேசி முடிவு செய்து உனக்கு எழுதுவோம். அதுவரை நீ செய்ய வேண்டியது, எங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பது.