ஓட்டோவில் யாரும் சாகவில்லை

தென்மராட்சியில் எமனையே வீட்டு வாசல் படலையடியில் காக்கவைத்த மனிதர் ஒருவர்தான். அவர் ஆசுபத்திரி வாசலில் ஓட்டோ ஓடிய சீவன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர் துண்டு வெட்டிவிட்ட நோயாளிகளை அவர்தான் ஏற்றுவார். எங்கள் பக்கத்தில் வழியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள், முற்றத்தோடு சரி. அதனால் அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். படலை தாண்டும் வரைக்கும் அவருடைய ஓட்டோவில் எல்லோருக்கும் சீவன் இருக்கும். அதுவே பெயராகிவிட்டது.

ஒருமுறை மூச்சு நின்றுபோன ஒருவரோடு போகையில் கடையடியில் நிறுத்தி, "அண்ணை, சோடா குடிக்கிறியளோ?" என்று கேட்டாராம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த அவருடைய மனுசியிடம், "வேண்டாமாம்" என்றாராம். இன்னொரு தரம் பொலிஸ்காரர் மறித்து, "உவர் ஏன் சரிஞ்சு கிடக்கிறார்?" என்று கேட்க, "களைப்பு ஐயா. தொண்ணூறு வருசக் களைப்பு" என்றாராம்.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்தவள்தான், என் மனுசனைக் கொண்டுவரும் வரைக்கும்.

கோயிலடி முடக்கில் அவருடைய கை என் கைக்குள் குளிர்ந்தது. தலை என் தோளில் விழுந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். சீவன் கண்ணாடியில் பார்த்தார்.

"அக்கா, கையை விடாதையுங்கோ. அண்ணை, இன்னும் ரெண்டு ஒழுங்கைதான். இந்தப் பள்ளத்துக்கு மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ."

வீட்டில் சீவனே அவரைத் தூக்கிக்கொண்டுபோய் நடுவறையில் கிடத்தினார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, "இப்பதான்" என்றார். அதன்பிறகே நான் அழுதேன்.

பிரதேச சபை ஓட்டோக்களுக்கெல்லாம் இலக்கம் கொடுத்தது அந்த வருசந்தான். இலக்கம் இல்லாதவர் ஆசுபத்திரித் தரிப்பிடத்தில் நிற்கக்கூடாது. வழியில் ஆள் செத்தால் உடனே ஆசுபத்திரிக்குத் திருப்பவேண்டும், திருப்பாவிட்டால் இலக்கம் போகும். சனம் வரிசையில் முன்னுக்கு நிற்கிற ஓட்டோவை விட்டுவிட்டுச் சீவனைத் தேடிப் போவது மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களில் ஒருவன் சபைக்குப் பெட்டிசம் போட்டான். கோயிலடியிலேயே என் மனுசனின் தலை விழுந்ததைப் பின்னால் வந்த தான் கண்டதாக எழுதியிருந்தான்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி சின்னப் பெடியன், நல்ல பிள்ளை. சீவனைப் பார்த்துச் சொன்னான்.

"ஐயா, ஆள் செத்தது தெரியாமல் ஓடினனான் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. எச்சரிக்கையோடை விடுறன்."

"அப்பிடி எழுதினால் அண்ணை றோட்டிலை செத்தவர் ஆயிடுவார்."

"ஆயிட்டால் என்ன? நம்பர் மிஞ்சும்."

"அவரை நடுவறையிலை கிடத்தினது பிழையெண்டு நாளைக்குச் சொந்தக்காரர் கதைப்பினம். இந்த அக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது? என்ரை ஓட்டோவிலை ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி."

பெடியன் என்னைப் பார்த்தான். நான் பொய் சொல்லாதவள் என்று ஊருக்கே தெரியும்.

"வீட்டிலைதான் மோனை போனவர்" என்றேன். கைநாட்டு வைக்கவில்லை, எழுத்துக் கூட்டிப் பெயரெழுதிக் கையெழுத்தே வைத்தேன். அதுவும் உதவவில்லை. கண்டவனின் சொல்தான் நின்றது.

சீவன் வெளியே வந்து ஓட்டோவில் ஒட்டியிருந்த இலக்கத்தாளைத் தானே சவரப் பிளேட்டால் சுரண்டி எடுத்தார்.

"ஏறுங்கோ அக்கா, வீட்டை விடுறன்."

"உமக்கு நம்பர் இல்லையே."

"அதுக்கென்ன? இண்டைக்கு ஆள் உயிரோடைதானே இருக்கு."

இப்போது அவர் சந்தை மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். கிளினிக் முடிந்து நான் வெளியே வந்தால் தரிப்பிடத்துப் பெடியள், "ஆச்சி, வாங்கோ, ஏறுங்கோ" என்று கூப்பிடுகிறார்கள். முழங்கால் கொதிக்கக் கொதிக்க நான் அவர்களைத் தாண்டிச் சந்தை மதிலடி வரைக்கும் நடக்கிறேன்.