ஆரோக்கியமேரி மேல் குடியேறிய ஒன்பது லட்சம் பேர்

சேசு மரி சூசை துணை

பழவேற்காடு,
வைகாசி மாதம், வியாழக்கிழமை

காட்டுப்பள்ளியில் கப்பல்களுக்கெல்லாம் பெயின்ட் சரிபார்த்துக் கடலுக்கு வழியனுப்பும் என் அக்காள் மகன் இம்மானுவேலுக்கு, பழவேற்காட்டு ஏரிக் கடற்படையின் களைத்துப்போன தளபதியும் உன் தாய்மாமனுமாகிய ஸ்டீவன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை ஆரோக்கியமேரியும் மகள் பிரின்சியும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் என் அக்காள் சுகிர்தாவும் எங்களைவிடக் கொஞ்சம் நன்றாக மூச்சு விட மாதாவை மன்றாடுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. பதினோரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் நாலு அனுப்பினேன். ஒன்றைக்கூட நீ கேட்கவில்லை என்று உன் போனே எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. இதை அப்படித் தள்ளிவிட முடியாது. அக்காள் சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியில் தகர ஷெட்டுக்குள் முப்பத்தொரு வருஷம் வெல்டிங் அடித்தவன் நான். காத்து என்றால் ஃபேன் காத்துதான் தெரியும். ரிட்டையர் ஆனதும் தணிகைவேலோடு பாதிப் பங்கு சேர்ந்து ஃபைபர் போட்டு ஒண்ணு வாங்கி, உன் அத்தை பேரையே அதுக்கு வச்சு, முதல் நாள் ஏரி நடுவில் போய் நின்னப்போ, மணி அடிச்சுக் கூப்பிட ஒருத்தனும் இல்லையேன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்தச் சந்தோஷத்துக்கு நீயும் ஒரு டின் பெயின்ட் வாங்கிக்கொடுத்தாய். "மாமா, இது கப்பலுக்கு அடியில் அடிக்கிறது, தண்ணிக்குள்ள அடியில் ஒட்டிக்கிற கொட்டலசு கிட்டவே வராது" என்றாய். மற்றவர்கள் தினமும் போட்டைக் கரையில் இழுத்துப் போடுகிறார்கள். எங்கள் இரண்டு பேர் முதுகையும் சேர்த்தால் நூற்றிருபத்தாறு வயது, இழுக்க முடியாது, தண்ணியிலேயே கட்டிப்போடுகிறோம். அதனால்தான் உன் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தணிகைவேல் பேரனுக்கு மொட்டை அடிக்கப் பெரியபாளையம் போன இரண்டு நாளில், ஆள் பிடித்துக் கரையில் ஏற்றிப் போட்டு, ஒத்தை ஆளாக, பொங்கல் கழிஞ்ச கையோடு அடிச்சு முடிச்சேன். திரும்பி வந்தவன் அசந்துட்டான். நீலக் கண்ணாடி மாதிரி மின்னுச்சு போட்டு. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

ஈஸ்டர் வரைக்கும் போட்டு பறந்தது. அப்புறம் நடந்தது. அப்புறம் தவழ்ந்தது. இப்போ கூழைக்கடா ஒண்ணு பின்னாடி வந்து குந்தும், பாதி வழியில் சலிச்சுப்போய் இறங்கி நீந்தியே போயிடும். ஒரு நண்டு எங்களை முந்திட்டுப் போய், திரும்பி நின்னு பாவமாப் பார்த்துச்சுடா. இன்னாடா இதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கினு அடியில் போய்ப் பார்த்தேன். கொட்டலசு! சின்னச் சின்ன எரிமலை மாதிரி சுண்ணாம்புக் கூடு கட்டிக்கினு, தலையைக் கீழே வச்சு சிமெண்ட் போட்டு ஒட்டினாப்பல, மொத்தம் ஒன்பது லட்சம் பேர். எண்ணிப் பார்த்தேன். சிப்காட்டில் இடம் கிடைக்காதவனெல்லாம் இங்கே மனை வாங்கியிருக்கான். இன்னும் ஒரு மாசம் விட்டா ரேஷன் கடை திறந்திருப்பாங்க.

சுரண்ட ஆரம்பித்தேன், மருமகனே, என் ஆயுளில் பாதி அதிலேயே போயிற்று. முதலில் தோசைக் கரண்டி. அது வளைந்து கொக்கியாகி, இப்போது சட்டை மாட்ட உதவுகிறது. அடுத்து, வெல்டிங் கசடு தட்டுற என் பழைய சுத்தியல். கொட்டலசு ஒன்று போனது, கூடவே போட்டில் ஓட்டை விழுந்தது, அதை அடைக்க ரெண்டு நாள். அடுத்து பொன்னேரியில் பைக் வாட்டர் சர்வீஸ் வச்சிருக்கும் பார்த்திபன் மிஷினைத் தூக்கிக்கினு வந்தான். தண்ணியைப் பீச்சி அடிச்சதுல கொட்டலசெல்லாம் குளிச்சு முடிச்சுப் புத்துணர்ச்சியா ஆயிடுச்சு. மேலே எழுதியிருந்த பேர்தான் பேத்துக்கினு போச்சு. ஆரோக்கியம் போய்விட்டது, மேரி மட்டும் நிற்கிறது. உன் அத்தை அதை அபசகுனம் என்கிறாள். கடைசியாக எட்டு பேரைக் கெஞ்சி, கரையில் ஏற்றி நாலு நாள் வெயிலில் போட்டோம். உள்ளே இருந்ததெல்லாம் செத்துப் போனது. அந்த நாற்றத்துக்கு ஆந்திரா பார்டர் தாண்டியெல்லாம் பூனைகள் வந்து சேர்ந்தன. ஆனால் கூடு மட்டும் போகவில்லை. தண்ணியில் இறக்கியதும் பழைய கூட்டின் மேல் புதுசு மாடி கட்டிவிட்டது.

இதற்கு நடுவில் பார்த்திபனிடம் போனில், "ஆரோக்கியமேரி வெயிட்டு ஏறிப் போச்சுப்பா, அடியில் நல்லாச் சுரண்டினாத்தான் நகரும்" என்று சொன்னது உன் அத்தை காதில் விழுந்து, இரண்டு நாள் எனக்கு நாஷ்டா கிடையாது.

ஓர் அதிசயம் மட்டும் நடந்தது. பின்பக்கம் நங்கூரக் கயிறு உரசி உரசி, நீலம் பேந்து, அடியில் உன் ரெட் ஆக்ஸைடு தெரிகிற இடம், ஒரு கை அகலம் இருக்கும். அங்கே ஒரு கொட்டலசு கிடையாது. கோயில் தீர்த்தத்தை நான் அங்கேதான் தெளித்தேன். மாதாவின் கிருபை.

இப்போது தணிகைவேலுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"இன்னா ஸ்டீவா, கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட்டுன்னியே, எந்தக் கப்பலு? காகிதக் கப்பலா?"

"மருமான் பொய் சொல்ல மாட்டான்பா."

"அப்ப வரச் சொல்லு. ஞாயித்துக்கிழமை வரிக்கும் பாப்பேன். வந்து பதில் சொல்லலன்னா, உன் பங்க நீ வாங்கிக்கினு கெளம்பு. வேற ஆள வச்சு ஓட்டிக்கறேன். உன்னோட ஒரே பேஜாரு."

வீட்டில் வந்து சொன்னால் உன் அத்தை, "நல்லதாப் போச்சு. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கேட்டாண்ட வாட்ச்மேனா குந்தறதுக்கு ஆள் வேணுமாம், உன் பழைய சூப்பர்வைசர் வரதன் சொன்னாரு. சேர் குடுப்பாங்க, விசில் குடுப்பாங்க. கொட்டலசு இருக்காது" என்கிறாள்.

மறுபடியும் கம்பெனி கேட்டாடா? மறுபடியும் மணியா? அலுத்துப்போச்சுடா நைனா.

ஆகவே என் தீர்ப்பைக் கேட்டுக்கொள். உனக்கு எவனோ போலி டின்னைத் தலையில் கட்டிவிட்டான். உலகக் கப்பலுக்கெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவன் சொந்த மாமனுக்கு வாங்குவதில் கோட்டை விட்டுவிட்டாய். ஞாயிறு பூசை முடிந்ததும் நல்ல பெயின்ட்டோடு இங்கே வந்து, தணிகைவேல் முன்னாடி நின்னு, "தப்பு என்னுது, மாமா மேல ஒரு குத்தமும் இல்ல" என்று வாய் திறந்து சொல்ல வேண்டியது. உன் மாமன் காத்து வாங்குவதா, விசில் ஊதுவதா என்பது உன் நாக்கில் இருக்கிறது.

அக்காளுக்கு என் வணக்கம், உனக்கு என் ஆசீர். உன் வீட்டுச் சோற்றுப் பானையும் பர்ஸும் என் போட்டின் அடியைப் போல் என்றைக்கும் நிறைந்து இருக்கக் கடவது.

இப்படிக்கு,
களைப்புடன்,
உன் தாய்மாமன்
ஸ்டீவன்

பின்குறிப்பு: உன் அத்தை கற்பூரவல்லி வைத்திருக்கும் அந்தக் காலி டின்னை பிரின்சி இப்போதுதான் திருப்பிப் படித்தாள். "அப்பா, இதுதான் கடைசிக் கோட்டாம். இது மேல வேற எந்தப் பெயின்ட்டும் அடிக்கக் கூடாதாம். இதுல இருக்கிற செம்பு கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியில கரைஞ்சாத்தான் கொட்டலசு ஒட்டாதாம்" என்கிறாள். செங்கல் கலரில் இருந்தால் அது ரெட் ஆக்ஸைடு, வெறும் அடிக்கோட்டு என்றுதானே எந்த வெல்டரும் நினைப்பான்? ரெட் ஆக்ஸைடோடு எவனாவது ஒரு கேட்டை டெலிவரி கொடுப்பானா? அதன் மேல் இரண்டு கோட்டு நீல இனாமலும் ஒரு கோட்டு வார்னிஷும் நான் என் கையாலேயே அடித்தேன். ஆகவே மேலே எழுதியதில் மாதாவின் கிருபையைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. அதையும்கூட அடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தப்பு உன்னுது என்பதில் மட்டும் மாற்றமில்லை. இனாமல் என்ற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. தணிகைவேலுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் டின்னில் பிரஷ் படம் போட்டு, அதன் மேல் சிவப்பாய்ப் பெருக்கல் குறி வேறு போட்டுத் தொலைத்திருக்கிறான். அதனால் செடியைப் பிடுங்கிவிட்டு டின்னை ஏரியில் வீசிவிட்டேன். மிதக்கிறது. யாரோடதோ டின்னு போகுதேன்னு தணிகைவேல் அதை எடுக்க நம்ம போட்டில்தான் கிளம்பியிருக்கிறான். போய்ச் சேர எப்படியும் அரைமணி ஆகும். அதற்குள் இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். காக்களூரில் யூனிஃபார்முக்கு அளவு கேட்டால், என் சட்டை சைஸ் நாற்பத்திரண்டு.